அத்தையின் சுங்குடியும் கிறிஸ்துமஸ் ஃபிரிலும்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பாளையங்கோட்டை வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி கீழே இறங்கும். அதற்குள் ஜரிகைத் தாளும் கிடையாது, கண்ணாடிக் குண்டும் கிடையாது. வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணியில் மூன்றடுக்கு ஃபிரில் வைத்துத் தைத்த ஒரு வட்டப் பாவாடை, அதே துணியில் ஆறு தோரணங்கள், அவ்வளவுதான். பாவாடை யாருக்கு என்கிறீர்களா? எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு!

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி, “எந்தக் கடையில வாங்கினீங்க?” என்பதுதான். கடையில் வாங்கவில்லை. நான் செய்த ஒரு பெரிய தப்பிலிருந்து பிறந்தது அது. அந்தக் கதையையும், அதைத் தைக்கும் முறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கதை இல்லாமல் முறையை மட்டும் சொன்னால், ஏன் இப்படிச் செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்பது விளங்காமல் போய்விடும்.

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ், 1986. என் மாமியார் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசிக்கோபுரத்துக்குப் பக்கத்து வீடு. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ல் எழுந்த தூய திரித்துவப் பேராலயத்தைத்தான் நாங்கள் ஊசிக்கோபுரம் என்போம். “கோபுரமே ஊசியா நிக்கிற ஊருக்கு மருமகளா வந்திருக்க, ஒரு பொத்தான் ஒழுங்கா வைக்கத் தெரியலையே” என்று வந்த முதல் மாதமே அத்தை சொல்லிவிட்டார். அந்த வார்த்தை மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டு இருந்தது.

டிசம்பரில் அத்தை ஒரு துக்கத்துக்காக இரண்டு நாள் ஊருக்குப் போனார். போகும்போது, “மரத்து வாளியைச் சுத்தி வைக்கத் துணி வேணும்னா பெட்டியில பழசு கிடக்கு, எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் பெரும்பாலும் சவுக்குக் கிளைதான். ஈரமணல் நிரப்பிய வாளியில் அதை நட்டு வைப்போம். மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே துருப்பிடித்த வாளி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதை மறைக்கத்தான் துணி.

அத்தை திரும்பி வருவதற்குள் பிரமாதமாக ஒன்று தைத்து வைத்து அவரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பெட்டியைத் திறந்தேன். மேலாகவே ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலை. சிவப்பில் வெள்ளைப் புள்ளி, பனி பெய்தது போல! கிறிஸ்துமஸுக்கென்றே நெய்தது மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நெடுக்கே ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு நீளப் பட்டைகளைச் சர்ர் என்று கிழித்துவிட்டேன்.

ஊசியில் ஒற்றை நூல் கோத்து, பெரிது பெரிதாக ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்தேன். பாதியில் அறுந்தது. மறுபடி தைத்து இழுத்தேன். ஒரு பக்கம் குவியலாகவும் ஒரு பக்கம் சப்பையாகவும் வந்தது. எப்படியோ வாளியைச் சுற்றிக் கட்டி முடித்த சமயம், அத்தை வாசலில் வந்து நின்றார்.

“ஏட்டி, இந்தச் சேலையை எங்க இருந்து எடுத்த?”

“பெட்டியிலதான் அத்தை. நீங்கதானே எடுத்துக்கோன்னு சொன்னீங்க?”

“நான் சொன்னது பச்சைப் பெட்டி. இது கறுப்புப் பெட்டியில இருந்தது.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “நான் டீச்சர் டிரெய்னிங் முடிச்சப்ப எங்க அம்மா லேஸ் பின்னுன காசுல வாங்கிக் குடுத்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அத்தையின் பிறந்த ஊர் இடையன்குடி. லேஸ் என்றால் அந்த ஊரில் சாதாரணப் பேச்சல்ல. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, அந்தக் கைவேலையும் கூடவே வந்தது. திண்டின் மேல் வரிசையாகக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். நாள் முழுக்கக் குனிந்திருந்தாலும் கொஞ்ச நீளம்தான் வளரும். அப்படிக் கண்ணும் இடுப்பும் நோகச் சேர்த்த காசில் வாங்கிய சேலையைத்தான் நான் சர்ர் என்று கிழித்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அத்தை கூப்பிட்டார். மெஷின் பக்கத்தில் நான் தைத்த கோரத்தைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். மீதிச் சேலையும் மடியில் இருந்தது.

“கிழிச்சது கிழிச்சாச்சு. ஒழுங்காவாவது தைப்போம். முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோ. ஃபிரிலுக்குத் துணியை நெடுக்கே கிழிக்கக்கூடாது, குறுக்கேதான் கிழிக்கணும்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, மீதிச் சேலையைத் தாமே குறுக்கே கிழித்தார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

சுருக்கு வேறு, கொசுவம் வேறு

சேலைக்கு நாம் வைப்பது கொசுவம். துணியை அளவாக மடித்து மடித்து அடுக்குவது. ஃபிரில் என்பது சுருக்கு. பாட்டிமார் இடுப்பில் சொருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் அதன் வாய் எப்படிக் குவிகிறதோ, அதேதான் ஃபிரில். பையில் கயிறு, இங்கே நூல். வித்தியாசம் அவ்வளவுதான்.

16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் கழுத்தைச் சுற்றித் தட்டுப் போல விறைப்பான ஃபிரில் காலர் அணிந்திருப்பதைப் பழைய ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த விறைப்புக்குக் காரணம் கஞ்சிதான்! நம் வீட்டுக் கஞ்சிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மரத்தடியில் துணி விரிப்பதும் மேல்நாட்டு வழக்கமே. மரத்தில் நிஜ மெழுகுவர்த்திகளை ஏற்றிய காலத்தில், சொட்டும் மெழுகையும் உதிரும் இலைகளையும் தாங்கிக்கொள்ள அது உதவியது. நமக்கு வாளியை மறைக்க உதவுகிறது.

துணி எது?

புதுத் துணியைவிடத் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தித் துணியே ஃபிரிலுக்கு நல்லது. கஞ்சிப் பசை போயிருக்கும், இனிமேல் சுருங்காது, நூலை இழுத்தால் சொன்னபடி கேட்கும். வாயில், மல் போன்ற மெல்லிய துணிகளும் ஏற்றவை. தடித்த துணி மொத்தையாக நிற்கும். நைலக்ஸ், பாலியெஸ்டர் வேண்டாம். வழுக்கும், வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வரும். நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சுங்குடியைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் விரல் நுனியால் துணியைக் கிள்ளி, நூலால் ஒவ்வொரு முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்த்தால், முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாகும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. கையால் முடிந்த சுங்குடி உங்களிடம் இருந்தால் தயவுசெய்து கத்தரி வைக்காதீர்கள். அச்சுப் போட்ட சுங்குடிகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கிழிந்துபோன பழையது ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்!

தேவையான பொருள்கள்

பழைய பருத்திச் சேலை (45 அங்குல அகலம்) – ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல்
அடித்துணிக்குப் பழைய வேட்டி அல்லது படுக்கை விரிப்பு – 32 அங்குலச் சதுரம்
துணியின் நிறத்தில் தைக்கும் நூல், சுருக்குக்கு வேறு நிற நூல்
நாடா – 1 மீட்டர்
இஞ்சு டேப், சாக்கட்டி, கத்தரி, குண்டூசி

இந்த அளவு 12 அங்குல வாயும் 12 அங்குல உயரமும் உள்ள வாளிக்குச் சரியாக இருக்கும்.

அடித்துணி

வேட்டித் துணியை நாலாக மடியுங்கள். மடிப்பு மூலையில் ஒரு நூலைப் பிடித்து, அதன் மறுமுனையில் சாக்கட்டியைக் கட்டி, 15 அங்குலத்தில் வளைவாகக் கோடு போட்டு வெட்டுங்கள். பிரித்தால் 30 அங்குல வட்டம் கிடைக்கும். அதே மூலையிலிருந்து 11 அங்குலத்திலும் 7 அங்குலத்திலும் இன்னும் இரண்டு வட்டக் கோடுகள் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் மரத்தண்டு நுழைய 4 அங்குலத் துளை வேண்டும். ஓரத்திலிருந்து துளை வரை ஒரே ஒரு வெட்டுக் கொடுங்கள். அது பின்பக்கம். அதன் ஓரங்களையும் துளையின் ஓரத்தையும் மடித்துத் தைத்து, கட்டுவதற்கு நாடா வைத்துவிடுங்கள்.

கணக்கு

“ஃபிரில் தைக்கிறவளுக்கு முதல்ல கணக்கு வரணும்” என்பார் அத்தை. சுருக்கு எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமோ, அதைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். ஒன்றரை மடங்கு என்றால் ஏழை ஃபிரில். மூன்று மடங்கு என்றால் மூச்சு முட்டும். இரண்டிலிருந்து இரண்டரைக்குள் இருந்தால் அழகு.

30 அங்குல வட்டத்தின் சுற்றளவு 94 அங்குலம். 22 அங்குல வட்டத்துக்கு 69. 14 அங்குல வட்டத்துக்கு 44. சேலையைக் குறுக்கே 6 அங்குலப் பட்டைகளாகக் கிழித்தால் ஒவ்வொன்றும் 45 அங்குல நீளம் வரும். கீழ் அடுக்குக்கு 5 பட்டை, நடு அடுக்குக்கு 3, மேல் அடுக்குக்கு 2. ஆக 10 பட்டை.

குறுக்கே ஏன் கிழிக்க வேண்டும்? அப்போதுதான் பாவு நூல் மேலிருந்து கீழாக ஓடும்; மடிப்புகள் மெத்தென்று தொங்கும். நெடுக்கே கிழித்தால் ஒட்டுப் போடும் வேலை மிச்சம், ஆனால் ஃபிரில் விறைத்துக்கொண்டு நிற்கும். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

சுருக்கும் முறை

ஒரு அடுக்குக்கு உரிய பட்டைகளை ஒட்டுப் போட்டு நீளமாக்குங்கள். கீழ் ஓரத்தையும் இரண்டு முனைகளையும் கால் அங்குலமாக இரு முறை மடித்துத் தைத்து முடித்துவிடுங்கள். சுருக்கிய பிறகு ஓரம் தைக்கவே முடியாது.

மேல் ஓரத்தில் கால் அங்குலத்தில் ஒரு ஓட்டு, அரை அங்குலத்தில் இன்னொரு ஓட்டு. ஒரு ஓட்டு போதாது. இரண்டு இருந்தால்தான் மடிப்புகள் சாயாமல் நேராக நிற்கும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். மெஷினில் தைத்தால் தையலை இருப்பதிலேயே நீளமாக வையுங்கள். மேல் நூலின் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இரு முனையிலும் ஒரு சாண் நூல் தொங்க விடுங்கள். இழுக்க வேண்டியது கீழே இருக்கும் பாபின் நூலைத்தான். கையால் தைப்பவர்கள் இரட்டை நூல் கோத்து, கால் அங்குலத்துக்கு மிகாத சமமான ஓட்டுத்தையல் போடுங்கள்.

மிக முக்கியமானது இனிமேல்தான். முழு நீளத்தையும் ஒரே நூலில் இழுக்காதீர்கள். பட்டையை நாலு சம பங்காக்கிக் குறி வையுங்கள். வட்டக் கோட்டையும் நாலு பங்காக்கிக் குறி வையுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாக ஓட்டுப் போடுங்கள். குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்திவிட்டு, அந்தந்தப் பங்கை மட்டும் இழுத்துச் சரி செய்யுங்கள். ஒரு பக்கம் குவியல், ஒரு பக்கம் சப்பை என்ற பேச்சே வராது. இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து, மற்றக் கையால் துணியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். “நூலை இழுக்காத, துணியைத் தள்ளு. இழுத்தா அறும், தள்ளுனா வரும்” என்பது அத்தையின் பாடம்.

சுருக்கு சமமாக வந்ததும், கீழ் அடுக்கை ஓரத்திலும், மற்ற இரண்டையும் வரைந்த கோடுகளிலும் வைத்து, இரண்டு ஓட்டுக்கும் நடுவே சின்னத் தையலாகத் தையுங்கள். எப்போதும் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். அப்போதுதான் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் தையலை மறைக்கும். வெளியே தெரியும் ஓட்டு நூலைக் கடைசியில் பிரித்து உருவிவிடுங்கள். அதற்காகத்தான் வேறு நிற நூல்.

தோரணமும் வாசல் வளையமும்

நான் நெடுக்கே கிழித்த அந்த இரண்டு பட்டைகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? ஒவ்வொன்றையும் இரண்டு அங்குல அகலத்தில் மூன்றாகக் கிழித்தார் அத்தை. ஆறு பட்டை, ஒவ்வொன்றும் 18 அடி. ஓரத்தில் அல்லாமல் நட்டநடுவில் ஓட்டுப் போட்டு, பாதி நீளத்துக்குச் சுருக்கினால் ஒன்பது அடித் தோரணம் தயார். இரு பக்கமும் இதழ் விரித்த மாதிரி இருக்கும். ஓரம் தைக்கவும் வேண்டாம். பிசிர் அடித்தாலும் பூப்போல அழகாகவே இருக்கும். நூலுக்குப் பதில் மெல்லிய சணல் கயிற்றின் மேல் வளைதையல் போட்டுக் கயிற்றை இழுத்தாலும் நன்றாக வரும். கடையில் வாங்கிய வளையப் பட்டறை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால், அதாவது எம்ப்ராய்டரி போடும் மர வளையம், இதே தோரணத்தை அதில் நெருக்கமாகச் சுற்றி, கீழே இரண்டு மணி கட்டி வாசலில் மாட்டலாம்.

கவனம் தேவை

சிவப்புத் துணியானால், நனைத்த வெள்ளைத் துணியால் முதலில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், விடும்வரை தனியாக அலசிய பிறகே வெள்ளை அடித்துணியோடு சேர்க்க வேண்டும்.

மெழுகுவர்த்தியோ எண்ணெய் விளக்கோ ஃபிரிலின் பக்கத்திலேயே வரக்கூடாது. சுருக்கிய துணிக்குள் காற்று இருப்பதால் சட்டென்று பற்றிக்கொள்ளும். சீரியல் செட் போடுகிறவர்கள் சூடேறாத எல்.இ.டி. விளக்குகளையே போடுங்கள், ஒயரில் உரிந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள், படுக்கப் போகும்போது சுவிட்சை அணையுங்கள். மரத்து வாளியில் தண்ணீர் ஊற்றும்போது ஒயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிலின் மடிப்புகளில் தூசு அடையும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், பரணிலிருந்து எடுத்ததும் துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே விரிக்க வேண்டும். டிசம்பர் மழையில் வெயில் இல்லையென்றால் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. எடுத்து வைக்கும்போது கஞ்சியை நன்றாக அலசிவிடுங்கள். கஞ்சிக்குத்தான் பூச்சி வரும். தைக்கும்போது எத்தனை குண்டூசி எடுத்தீர்களோ, முடித்ததும் அத்தனையும் எண்ணி டப்பாவில் போடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

கிறிஸ்துமஸ் கொண்டாடாத சகோதரிகளும் இதைச் செய்யலாம். கொலுப்படியின் ஓரத்துக்கும், தொட்டில் விளிம்புக்கும், மிக்ஸி உறைக்கும் இதே சுருக்கு, இதே கணக்குதான்.

அத்தை என்னை மன்னித்தாரா என்று கேட்டால், எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேரல் பாட வருகிறவர்களிடம், “இவதான் எங்க அம்மா சேலையைக் கிழிச்சவ” என்றுதான் என்னை அறிமுகம் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், உள்ளே கொஞ்சம் குத்தும். ஆனால் அதே மூச்சில், “தச்சதும் இவதான். மடிப்பைப் பாருங்க, ஒரு இடத்துல கோணல் இருக்கா?” என்றும் சொல்வார். 2011-ல் அவர் காலமானார். கடைசிக் கிறிஸ்துமஸில் படுக்கையில் இருந்தபடி அவர் கேட்டது, “ஃபிரிலைத் துவைச்சியா?” என்பதுதான்.

போன டிசம்பரில் பாவாடையைப் பிரித்தபோது கீழ் அடுக்கு இற்றுப்போய், விரல் பட்ட இடமெல்லாம் கிழிந்தது. “அத்தை, இந்த ஒரு அடுக்கை எடுத்துட்டு என்னோட சுடிதார் துப்பட்டாவைச் சுருக்கி வச்சிரட்டுமா?” என்று கேட்டாள் என் மருமகள். முதலில் வாயில் வந்தது ‘வேண்டாம்’ என்ற வார்த்தைதான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கத்தரியை நானே எடுத்துக் கீழ் அடுக்கின் தையலைப் பிரித்துக் கொடுத்தேன்.

அவள் துப்பட்டாவை விரித்து, நெடுக்கே கிழிக்கப் போனாள்.

“ஏட்டி, குறுக்கே!” என்றேன்.